நான்காவது தடவை கேட்டது

இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. மேலிருந்து முதல் வரிசை, இடமிருந்து மூன்றாவது கட்டம். மற்ற முப்பத்து நான்கும் நிரம்பிவிட்டன. அந்த ஒன்றை எப்படி நிரப்புவது என்று ஆகஸ்ட் மாதம் முழுக்க யோசித்தும் எனக்கு வழி பிடிபடவில்லை.

நான் அப்போது எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், அமெரிக்கப் பழங்குடி மொழியான எங்கள் நவாஹோவின் வினைச்சொல் அகராதிக்கு அட்டவணை போடும் வேலையில் இருந்தேன். எங்கள் மொழியில் வினைதான் எல்லாம். யார், எப்படி, எந்தப் பக்கமாக, முடிந்ததா முடியவில்லையா என்று ஒரு முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டியதை ஒரே வினை சுமந்துகொண்டு போய்விடும். கேட்கிறவர்களுக்கு நான் அதை இப்படித்தான் விளக்குவேன். பிக்கப் வண்டியில் விறகு ஏற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான அடிமரம் வண்டியின் பின்கோடியில் கிடக்கும். அதுதான் வேர், என்ன நடந்தது என்பதை அது சொல்கிறது. அதை ஒட்டி முன்னால் ஒரு சிறு துண்டு. செய்தது நானா நீயா என்பது அதில் இருக்கிறது. அதற்கும் முன்னால் நடந்து முடிந்ததா, நடக்கப்போகிறதா என்ற துண்டு. இன்னும் முன்னால் மேலேயா கீழேயா, ஒரு தடவையா பல தடவையா என்ற துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் வண்டியில் அதனதன் இடம் உண்டு, இடம் மாற்றி ஏற்ற முடியாது. ஏற்றி முடித்துக் கயிறு போட்டு இறுக்கினால் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிச் சிலது நசுங்கும், சிலது கண்ணுக்கே தெரியாமல் போகும். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரே கட்டை போலத் தெரியும். கழற்றத் தெரிந்தவனுக்கு ஆறு ஏழு துண்டு.

கழற்றுவதும் மாட்டுவதும் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாத சந்தோஷம். நூற்றுக்கணக்கான வினைகளை அப்படிக் கழற்றி, கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வினை, குளிரில் உறைந்து விறைத்துப் போவதைச் சொல்வது. தொட்டித் தண்ணீருக்கு அது நடந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆட்டுக்குட்டிக்கு நடந்தது என்பதையும் கொஞ்சம் தயங்கிச் சொல்வார்கள். 'எனக்கு அது நடந்துவிட்டது' என்ற கட்டம் மட்டும் வரவில்லை. ஏழு பேரைக் கேட்டேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் எழுந்து போய்க் காப்பி ஊற்றிக்கொண்டார். ஓர் அம்மாள், அந்தச் சொல் வராது என்றார். தெரியாதா, வராதா என்று கேட்டேன். வராது என்றே மறுபடியும் சொன்னார்.

ஏன் வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் இந்த மண்ணில் பிறந்தவன். வாயிலிருந்து புறப்பட்ட சொல் சும்மா போவதில்லை, அது வேலை செய்யும். தனக்கு வரக்கூடாததை வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறவன் அதைக் கூப்பிடுகிறான். எங்கள் வீடுகளில் இதை யாரும் பாடமாகச் சொல்லித்தருவதில்லை, குழந்தைகூடத் தெரிந்து வைத்திருக்கும்.

ஆனால் எங்கள் அகராதிக் குழுவின் தலைவர் ரமோனா பிலகோடிக்கு ஒரு விதி இருந்தது. பேசுகிறவர் வாயிலிருந்து வந்து நாடாவில் பதிவாகாத எதுவும் அகராதியில் ஏறக் கூடாது. அது நல்ல விதிதான். வெளியிலிருந்து வந்தவர்கள் முன்பு இலக்கண விதியை மட்டும் வைத்துக்கொண்டு, எவரும் சொல்லாத சொற்களைத் தாங்களாகவே உண்டாக்கி அச்சடித்திருக்கிறார்கள். அதனால் எங்கள் கட்டம் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நாடா எண் இருக்கும். அகராதி வேலை செய்கிற எங்கள் குரல் கணக்கில் சேராது.

அப்படியும் நானே வேறு பெயர் சொல்லி நாடாவில் பேசியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நான் செய்யாததற்கு விதி காரணமல்ல. என் வாயால் அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அதனால் இன்னொரு வாயைத் தேடினேன்.

அந்த வாய் ஹாஸ்கி டோஹானியுடையது. ஹாஸ்கி என் தாய்மாமன் மகன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ரௌண்ட் ராக் பக்கம் குழாய் போகாத முப்பது வீடுகளுக்கு அவன் லாரிதான் குழாய். எங்களில் மாமன் மகனைக் கேலி செய்யாமல் விட்டால் அவன்மேல் கோபம் என்று அர்த்தம். ஹாஸ்கிக்கு என்மேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

எங்கள் மொழியில் 'தூக்கு' என்று பொதுவாக ஒரு வேர் கிடையாது. கல்லைத் தூக்க ஒன்று, கம்பைத் தூக்க ஒன்று, கயிற்றுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, கம்பளிப் பொதிக்கு ஒன்று, களிக்கும் சேற்றுக்கும் ஒன்று, உயிருள்ளதற்கு ஒன்று. நான் அவன் வீட்டு சோபாவில் சாய்ந்து கிடந்தால், ஹாஸ்கி தன் மனைவி லவெர்னிடம் என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கச் சொல்வான், களியைத் தூக்கும் வேரில். லவெர்ன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மறுநாள் நான் அவனைக் காலிச் சாக்கைத் தூக்கும் வேரில் தூக்கி வைப்பேன். இதற்கு முடிவே கிடையாது.

செப்டம்பரில் முதல் தடவை அவனைக் கேட்டேன். அந்தக் கட்டத்தில் தன் போட்டோவை ஒட்டிவிடச் சொன்னான். இரண்டாவது தடவை, தண்ணீர் நிரப்பும் இடத்தில் அவன் லாரி தொட்டிக்குள் குழாயை விட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். குழாயின் வாயில் ரப்பர் தேய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று வெகுநேரம் ரப்பரைப் பற்றியே பேசினான்.

அக்டோபரில் நாங்கள் பின்யோன் கொட்டை பொறுக்க லுகாசுகாய் மலைக்குப் போனோம். மரத்தடியில் கம்பளிகளை விரித்து, கிளையை உலுக்கி, விழுகிற கொட்டைகளை மண்டியிட்டுப் பொறுக்க வேண்டும். காலையில் வேலைக்கு நடுவே மூன்றாவது தடவை கேட்டேன். அவன் பொறுக்குவதை நிறுத்தினான்.

"இதோட மூணு, மச்சான்."

சிரிக்காமல் சொன்னான். என்னை எச்சரித்தான். நான் அதைப் புரிந்துகொண்டேன்.

ஒருவர் ஒன்றை நான்கு தடவை கேட்டால் நான்காவதில் மறுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கேட்கிறவனுக்கும் அது தெரியும், அதனால் உயிர் போகிற காரியம் இல்லாமல் யாரும் நான்கு வரை போவதில்லை. என் அம்மா தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். என் தங்கைக்கு ஜன்னி கண்டபோது, பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரிடம் வண்டி கேட்டு.

மதியம் ஆட்டு விலா எலும்பை நெருப்பில் வாட்டி ரொட்டியில் சுருட்டித் தின்றோம். கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த பதிவுக் கருவியை எடுத்துக் கம்பளியின்மேல் வைத்தேன். இது பேச்சில்லை, வெறும் மாதிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பூச்சியைப் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நான்காவது தடவை கேட்டேன்.

ஹாஸ்கி என்னைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்தான். சொன்னான். ஒரே தடவை, தெளிவாக, வானொலியில் செய்தி படிக்கிறவர் போல.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"சரி."

கம்பளியின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து, கொட்டைகளை நடுவில் குவித்தான். வீடு வந்து சேரும்வரை என்னை எந்த வேரிலும் தூக்கவில்லை. நான் அடுத்த நாள் அந்தக் கட்டத்தில் அழகான எழுத்தில் எழுதி, மூலையில் நாடா எண் அறுபத்தொன்று என்று போட்டேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி மூன்றாம் வாரம் பெரிய பனி விழுந்தது. மண் ரோட்டில் லாரி பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. ஹாஸ்கி நான்கு மைல் நடந்திருக்கிறான். பூட்ஸுக்குள் பனி போய் உருகி மறுபடி இறுகியது அவனுக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோய் இருக்கிறவன், காலில் உணர்ச்சி குறைவு. மருத்துவமனையில் இடது காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மீதிக் கால் தேறுமா, எடுக்க வேண்டிவருமா என்பதைச் சில வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது கால் இல்லாமல் அந்த லாரியின் கிளட்சை மிதிக்க முடியாது.

ஒவ்வொரு ஜனவரியிலும் பனி விழுகிறது, ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வண்டி பள்ளத்தில் இறங்குகிறது. இதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் என் மனம் கேட்கவில்லை. நான் அவனைச் சொல்லவைத்தது எதுவோ அதுவே அவன் காலுக்கு நடந்திருந்தது. முழுதும் இல்லை, ஒரு துண்டு. மீதியும் வருமா என்பதுதான் கேள்வி.

லவெர்ன், தன் கை நடுங்குவதை வைத்து நோய்க்குக் காரணம் சொல்கிற ஓர் அம்மாளை வீட்டுக்கு அழைத்துவந்தாள். நானும் இருந்தேன். அந்த அம்மாள் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரோ சொன்ன ஒரு சொல் இந்தக் காலில் நிற்கிறது, எந்தச் சொல் என்று தெரிந்தால் அதற்குரிய சடங்கைச் செய்யலாம், தெரியாமல் வேறொன்றைச் செய்தால் பயனில்லை என்றார். வீட்டில் இருக்கிற யாருக்கோ அது தெரியும் என்றும் சொன்னார். அவர் யாரையும் பார்க்கவில்லை. நான் என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லவெர்னின் சந்தேகம் தன் தங்கை ஜெனீவாவின்மேல் போய் நின்றது. பக்கத்து மேட்டில் வீடு. இலையுதிர் காலத்தில் ஆடு மேய்ச்சலில் இருவருக்கும் தகராறு வந்து, உங்கள் லாரி நடுவழியில் நின்றால் எவன் வருவான் பார்ப்போம் என்று ஜெனீவா சொல்லியிருக்கிறாள். சொன்னது உண்மை, சாட்சியும் உண்டு. கை பார்த்த அம்மாள் வந்துபோன நாளிலிருந்து ஜெனீவா அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஆனது. அவள் ஹாஸ்கிக்காக ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து வேலிக் கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போனாள். லவெர்ன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி என்னிடம் சொன்னாள்.

நான்தான் கொண்டுபோனேன். பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது. ஜெனீவா வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, கோவத்துல சொன்னதுதான். இல்லேன்னு சொல்லல. அதுவா போய் அவர் கால்ல நின்னுச்சு?"

"தெரியலம்மா" என்றேன்.

எனக்கு அறுபது வயதாகப்போகிறது. பொய் பல சொல்லியிருக்கிறேன், அவற்றில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. இந்த ஒரு சொல் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் லவெர்ன் ஆட்டுக்குத் தீனி வைக்கப் போனபோது ஹாஸ்கியிடம் தனியாகப் பேசினேன். கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டியின்மேல் நீட்டி வைத்திருந்தான். அவள் ஜெனீவாவை விரட்டுகிறாளே, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எதச் சொல்ல? சொல்லணும்னா திரும்பவும் அதையே சொல்லணும்."

அவன் காலைப் பெட்டியின்மேல் சற்று நகர்த்தி வைத்தான்.

"நீயும் சொல்லாத. ஒரு தடவ சொன்னதுக்கே ரெண்டு விரல். இந்த வீட்டுக்குள்ள அது வேண்டாம்."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மச்சான் என்றும் கூப்பிடவில்லை.

இப்போது என் கையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று அட்டவணையில். இன்னொன்று லவெர்னிடம் நான் சொல்லியாக வேண்டிய வாக்கியத்தில். இரண்டிலும் ஒரே சொல் வர வேண்டும், இரண்டிலும் அதைச் சொல்லக் கூடாது. கெட்ட சொல் ஒன்று என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. எந்தச் சொல் என்று தெரியாமல் எந்தச் சடங்கு என்று முடிவாகாது. எழுதிக் காட்டலாமா என்று பார்த்தேன். படிக்கிறவள் உதடு அசையும். அதுவும் அவள் வாயாகிவிடும்.

பத்து நாள் இப்படிப் போனது. மருத்துவமனையில் புண்ணின் ஓரம் கறுக்கிறது என்றார்கள். ஜெனீவா தன் ஆடுகளை எதிர்ப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

பதினோராம் நாள், அலுவலகத்தில் நூற்று நாற்பத்தெட்டாம் அட்டவணையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அது கொழுத்துப் போவதைச் சொல்லும் வினை. அதை எல்லோரும் எல்லாக் கட்டத்திலும் சிரித்துக்கொண்டே நிரப்பித் தந்திருந்தார்கள். 'நான் கொழுத்துப் போனேன்' என்பதற்கு மட்டும் ஒன்பது நாடா எண்கள். மூன்றாவது கட்டத்தை அடித்ததும் கை நின்றுவிட்டது. விறகு வண்டியைத் திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேர். அதற்கு முன்னால், 'நான்' என்பதும் 'முடிந்துவிட்டது' என்பதும் ஒன்றையொன்று அழுத்தி ஒரே துண்டான ஒரு கணு. அதற்கு முன்னால் இந்த வினைக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு கொக்கித் துண்டு. கொக்கியைக் கழற்றி, கடைசி வேரை எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீருக்கு நடப்பதன் வேரை அங்கே வைத்தால், நடுக்கணு அப்படியே இருக்கும். காலியாகக் கிடந்த கட்டம் கிடைத்துவிடும். இரண்டு வினைக்கும் அந்தக் கணு ஒன்றுதான்.

இது எனக்குப் புதிய அறிவு அல்ல. இரண்டு வினையும் ஒரே கூட்டம் என்று ஜூன் மாதமே நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். யாரிடமும் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. ஒரு தடவைகூட.

தட்டச்சு இயந்திரத்தை மூடாமலே எழுந்து வண்டியை எடுத்தேன்.

முதலில் மேட்டுக்குப் போய் ஜெனீவாவை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வரமாட்டேன் என்றாள். வேலிக்கு வெளியே நின்றால் போதும் என்றேன். லவெர்னை வெளியே கூப்பிட்டேன். தங்கையைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. இருவருக்கும் நடுவில் வேலி இருந்தது. ஹாஸ்கி சொன்னபடி வீட்டுக்குள் எதுவும் வேண்டாம் என்பதால் நாங்கள் வெயிலில், சேறும் பனியும் கலந்த தரையில் நின்றோம்.

"தங்கச்சி, 'நான் கொழுத்துப் போனேன்'னு சொல்லு" என்றேன் லவெர்னிடம்.

"இப்பவா அண்ணே கேலி? உள்ள ஒருத்தர் கால நீட்டிக் கிடக்குறாரு."

"கேலி இல்ல. சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு, திட்டுவது போல.

அதன் முதல் துண்டைக் கழற்றச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. எங்கள் ஆட்கள் வண்டி வண்டியாக வினை பேசுவார்கள், கழற்றிப் பார்த்தது கிடையாது. அந்த வினையை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லவைத்து, முதல் துண்டு எங்கே முடிகிறது என்று கையால் வெட்டிக் காட்டினேன். அவள் மூன்றாம் வகுப்பு வாத்தியாரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள், ஆனால் பின்தொடர்ந்தாள். பிறகு கடைசி வேரையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"அந்த எடத்துல, ஜனவரியில ஆட்டுத் தொட்டித் தண்ணிக்கு என்ன ஆகும், அதோட வேர வை. வாயால வேண்டாம். உதட்ட அசைக்காத. மனசுல மட்டும்."

மனத்தில் வைப்பதும் நல்லதல்ல. ஆனால் சொல்வதைவிட அது சிறியது. லவெர்ன் தரையைப் பார்த்தபடி நின்றாள். துண்டுகள் ஒவ்வொன்றாக ஏறுவதை நான் அவள் முகத்தில் பார்த்தேன். கயிறு இறுகியதும் தலை நிமிர்ந்தாள். அவளுக்குக் கிடைத்துவிட்டது.

"அத அக்டோபர்ல மலையில ஹாஸ்கி சொன்னான். அவனா சொல்லல. நான் சொல்ல வெச்சேன். நாலு தடவ கேட்டேன்."

"நாலு தடவயா?"

அவள் முதலில் கேட்டது அதைத்தான். ஆமாம் என்றேன்.

"எதுக்கு?"

"புத்தகத்துல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு."

ஜெனீவா கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியலம்மா என்று சொன்ன அந்த வாயை. நான் அவளிடம், அன்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் அப்படிச் சொன்னேன் என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

லவெர்ன் வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்துத் தங்கையை உள்ளே விட்டாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை. நான் வீட்டுக்குப் போகலாம், வேண்டுமானால் ஆள் அனுப்புகிறேன் என்றாள். அவள் சொன்னது நியாயம்.

காரணம் தெரிந்துவிட்டதால் எது செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. இரண்டு வாரத்தில் சடங்கு நடந்தது. விறகு முழுதும் நான் கொண்டுபோய் இறக்கினேன், என் மந்தையிலிருந்து ஆடுகள் கொடுத்தேன், வெளியே நின்று கறி வெட்டினேன். உள்ளே வந்து உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மார்ச்சில் இன்னொரு விரலை எடுத்தார்கள். அதோடு கறுப்பு நின்றது, கால் தங்கியது. புது மருந்தும் சர்க்கரைக் கட்டுப்பாடும் காரணம் என்று மருத்துவர் சொல்கிறார். லவெர்ன் வேறு காரணம் சொல்கிறாள். நான் இரண்டு பேரிடமும் வாதம் செய்வதில்லை.

ஹாஸ்கியின் கால் கிளட்சை மிதிக்கிற அளவு தேறும்வரை சனி ஞாயிறுகளில் தண்ணீர் லாரியை நான் ஓட்டினேன். மற்ற நாட்களில் லவெர்னின் அண்ணன். ஹாஸ்கி பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வீட்டுத் தொட்டிக்கு எவ்வளவு, எந்த மேட்டில் எந்த கியர் என்று சொல்லிக்கொண்டு வருவான். வேறு ஒன்றும் பேசமாட்டான். நான் கியரைத் தப்பாகப் போட்டு லாரி குலுங்கினால்கூடக் கேலி கிடையாது. முப்பது வீடு முடியும்வரை அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.

ரமோனாவிடமும் சொன்னேன், அதே முறையில், கொழுத்த வினையைக் கழற்றி. அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். தான் கல்லூரியில் படித்த காலத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் இதே போன்ற ஒரு கட்டத்துக்காகத் தன்னை ஒன்று சொல்லவைத்தார், தன் குழந்தையைப் பற்றி என்றார். பிறகு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரும்பு அலமாரியைத் திறந்து அறுபத்தொன்றாம் நாடாவை எடுத்துக் கொடுத்தார்.

"அழிச்சுட்டு வெறுமையா விட்டுராதீங்க. என்ன இருந்துச்சுன்னு எவனாவது தேடுவான். அது மேலயே வேற ஏதாவது பதிவு பண்ணிருங்க."

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கடைசி வீட்டுத் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தபோது ஹாஸ்கியிடம் கேட்டேன். அந்த நாடாவில் அந்த இடத்தின்மேல் கொழுத்துப் போகும் வினையை எல்லாக் கட்டத்திலும் சொல்ல முடியுமா, வேண்டாம் என்றால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"எத்தன தடவ கேப்ப?"

"இது ஒரு தடவதான்."

அவன் குழாயைப் பார்த்தான். தண்ணீர் தொட்டியின் கழுத்துக்கு வந்ததும் வால்வை மூடினான். பிறகு கருவியைத் தன் மடியில் வாங்கி, பொத்தானைத் தானே அழுத்தி, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை வரிசையாகச் சொன்னான். நான் கொழுத்தேன், நீ கொழுத்தாய், அவன் கொழுத்தான். சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. முடித்ததும் பொத்தானை அமர்த்தி என்னிடம் நீட்டினான். அது சரியாகப் பதிந்திருக்கிறதா என்று நான் அன்று போட்டுக் கேட்கவில்லை.

அலுவலகத்தில் ரமோனாவும் நானும் எல்லா அட்டவணைகளையும் மறுபடி புரட்டினோம். இதே மாதிரி யாரையும் சொல்லவைக்கக் கூடாத கட்டங்கள் நாற்பத்தொன்று இருந்தன. சில காலி, சில நிரம்பியவை. நிரம்பியிருந்தவற்றை யார் வாயிலிருந்து எடுத்தோம் என்று நாடா எண்ணை வைத்துத் தேடி, அந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்வருகிற வேலை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. கட்டங்களுக்கு மட்டும் வழி கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அதே கூட்டத்தைச் சேர்ந்த, யாரும் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய ஒரு வினை உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் வரிசை மூன்றாவது கட்டத்தில் இப்போது சொல்லும் இல்லை, நாடா எண்ணும் இல்லை. இப்படி எழுதியிருக்கிறது: 'யாரையும் கேட்க வேண்டாம். நூற்று நாற்பத்தெட்டாம் அட்டவணையில் இதே கட்டத்தைப் பார்க்கவும். முதல் துண்டைக் கழற்றி, கடைசி வேரை மட்டும் மாற்றிக்கொள்ளவும்.'